ஆடு போனால் சிரிப்பு, ஆள் வந்தால் பயம்

வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே செஞ்சி ஆட்டுச் சந்தை கூடிவிடும். டெம்போவிலும் மினி வேனிலும் வெள்ளாடும் செம்மறியும் வந்து இறங்கியபடி இருக்கும். தீபாவளி, பக்ரீத், பொங்கல் நெருங்கும் வாரங்களில் ஒரே காலையில் கோடிக்கணக்கில் பணம் கைமாறும். அந்தக் கூட்டத்தில் விற்கவும் வராமல், வாங்கவும் வராமல் சிலர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கட்டிக்கிடக்கும் ஆடுகளின் காதைப் புரட்டிப் பார்ப்பார்கள். மடலில் தாங்கள் போட்ட வெட்டுக்குறி இருக்கிறதா, நெற்றியில் அந்த வெள்ளைத் திட்டு இருக்கிறதா, பேர் சொல்லி அழைத்தால் தலை திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்வார்கள். ராத்திரி படலை அவிழ்த்து எவனோ தூக்கிப்போன ஆட்டைத் தேடி வந்தவர்கள் அவர்கள்.

செஞ்சியிலிருந்து வடமேற்கே, திருவண்ணாமலை மாவட்ட எல்லையை ஒட்டி, மேல்மலையனூர் வட்டத்தில் இருக்கிறது அவலூர்பேட்டை. திருவண்ணாமலை நகரத்தில் ஒரு பெரிய சாலைக்கே இந்த ஊரின் பெயர்தான். நெல், கரும்பு, மல்லாட்டை, ஆடு, மாடு என்று ஓடுகிற வாழ்க்கை. இங்கே சினிமாவில் வருவது போன்ற குற்றங்கள் அடிக்கடி நடப்பதில்லை. நடப்பதெல்லாம் சின்னச் சின்னது. மோட்டார் கொட்டகையில் ஒயர் போகும், வாசலில் நிறுத்திய பைக் போகும், கூட்டத்தில் கழுத்துச் சங்கிலி போகும், பட்டியிலிருந்து ஆடு போகும். பத்திரிகையில் நான்கு வரி வந்தால் அதிகம். ஆனால் சின்னது என்று எதைச் சொல்கிறோம், யார் கணக்கில் சொல்கிறோம் என்பதுதான் விஷயம்.

நான்கு ஆடு வைத்திருக்கிற வீட்டுக்கு அந்த நான்கும்தான் வங்கிக் கணக்கு. பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட ஒன்று, மருத்துவச் செலவுக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று. இதை அரசாங்கமே அறிந்துதான் 2011-ல் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வளர்ந்த கிடா ஒன்று 10,000 ரூபாய்க்கு மேல் போகிற காலம் இது. ஒரே ராத்திரியில் நான்கும் போனால் அந்த வீடு ஒரு வருஷத்துக்கு எழுந்திருக்காது.

அப்படியும் ஆடு களவுபோன வீட்டு வாசலில் முதலில் கேட்பது சிரிப்புதான். “எலும்பையாவது வாசல்ல போட்டுட்டுப் போயிருக்கலாம்” என்பார் ஒருவர். “நாய் குரைக்கலையா? அதுக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலம் குடுத்திருப்பான்” என்பார் இன்னொருவர். பறிகொடுத்தவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கல்நெஞ்சம் ஏதுமில்லை. அழுதால் ஆடு வந்துவிடாது, போலீசுக்குப் போனாலும் வந்துவிடாது என்று அனுபவத்தில் கண்டவர்கள், பயத்தை இப்படித்தான் கரைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், இருட்டில் ஒருவன் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான் என்பதுதானே உண்மையான அதிர்ச்சி? அதை நேராகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆட்டைப் பற்றிப் பேசுவது சுலபம்.

ஆடு திருடுகிறவனைக் கேலிப் பொருளாகவே பார்த்துப் பழகிய தமிழ்நாட்டை 2021 நவம்பர் 21 உலுக்கியது. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், அதிகாலை ரோந்தில் பைக்கில் ஆட்டோடு போனவர்களைப் பார்த்து விரட்டினார். மாவட்ட எல்லை தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கத்தில் மடக்கியும் பிடித்துவிட்டார். உதவிக்கு ஆள் வந்து சேர்வதற்குள் அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கைதானவர்களில் இருவர் சிறுவர்கள். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். இரவு ரோந்துக்குப் போகிற போலீசார் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சொன்னார். ஓர் ஆட்டுக்காக ஓர் உயிர். ஆட்டுத் திருட்டைச் சில்லறைக் குற்றம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு வழக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் ஒதுக்கத்தான் செய்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவின்படி, களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல்முறை குற்றவாளி பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. ஜெயிலை நிரப்பாமல் இருக்க அது நல்ல யோசனையே. ஆனால் 5,000 ரூபாய்க்குள் மதிப்புள்ள திருட்டை, நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத குற்றங்களின் வரிசையிலும் சேர்த்துவிட்டார்கள். பால்குடி மறக்காத ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் விலை அதற்குள்தான் வரும். அந்தக் குட்டியை இழந்த கிழவி யாரிடம் போய் முறையிடுவாள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி, மனிதர்களைச் சிரிக்க வைத்த திருடர்கள். 2024 பிப்ரவரியில் ‘காக்கா முட்டை’, ‘கடைசி விவசாயி’ படங்களின் இயக்குநர் மணிகண்டனின் உசிலம்பட்டி வீட்டில் நகையும் பணமும் தேசிய விருதுப் பதக்கங்களும் களவுபோயின. சில நாள் கழித்துப் பதக்கங்கள் மட்டும் ஒரு பாலித்தீன் பையில் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தன. கூடவே ஒரு சீட்டு. மன்னித்துவிடுங்கள், உங்கள் உழைப்பு உங்களுக்கே என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஜூலையில் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி ஊரில் இல்லாத நேரம் வீடு புகுந்தவன், பணத்தையும் கம்மலையும் எடுத்துக்கொண்டு பச்சை மையில் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனான். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று. 2019 அக்டோபர் 2 அதிகாலை திருச்சி லலிதா ஜுவல்லரியில் சுவரைத் துளைத்து 13 கோடி ரூபாய் நகையை அள்ளியவர்கள் விலங்கு முகமூடி மாட்டிக்கொண்டு கேமராவில் தெரிந்தார்கள். போகும்போது மோப்ப நாய்க்காக மிளகாய்ப் பொடி தூவினார்கள். தமிழ்நாடு மாதக்கணக்கில் இதைப் பேசிச் சிரித்தது.

அவலூர்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. 2023 பிப்ரவரி 12 அதிகாலை திருவண்ணாமலை, கலசபாக்கம், போளூர் ஆகிய இடங்களில் நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களை கேஸ் வெல்டிங்கில் அறுத்து, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டு, கைரேகையும் கேமராப் பதிவும் மிஞ்சாமல் இருக்கத் தீ வைத்துவிட்டுப் போனது ஒரு கும்பல். வடக்கு மண்டல ஐ.ஜி. கண்ணன் தலைமையில் தனிப்படைகள் அண்டை மாநிலங்களுக்கும் அரியானாவுக்கும் பறந்தன. சில நாட்களிலேயே அரியானாவின் நூஹ் பகுதியில் முக்கியக் குற்றவாளிகள் பிடிபட்டார்கள். “நாம கார்டு சொருகுனா பணம் இல்லேன்னு சொல்லும், அவனுக்கு மட்டும் எப்படி அம்புட்டும் குடுத்துச்சு?” என்று கேட்காத டீக்கடை இந்தப் பக்கம் இருந்திருக்குமா? போனது பேங்க் பணம். யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை. அதனால் சிரிப்பு தாராளமாக வந்தது.

சிரிப்பு வராத பயம் ஒன்று இருக்கிறது. அது இந்தப் பகுதியில் ஓர் உயிரைக் குடித்தது.

2018 ஏப்ரல், மே மாதங்களில் வட மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான். வடநாட்டிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வந்து இறங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளைக் கடத்திச் சிறுநீரகம் எடுக்கிறார்கள் என்று குரல் பதிவுகள் சுற்றின. கூடவே ஒரு வீடியோ. பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் காட்சி. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த இருவரும் திரும்பி வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, அட்டையில் எழுதிய வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டிய சில விநாடிகளில்தான் உண்மை இருந்தது.

ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் இந்தி பேசிய ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். மே 9-ஆம் தேதி பழவேற்காட்டில் மனநலம் குன்றியவர் என்று கருதப்படும் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே மே 9, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களோடு, குலதெய்வக் கோயிலைத் தேடி காரில் வந்தது. வழி தெரியவில்லை. ஒரு கிராமத்தில் காரை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு வெளிநாட்டுச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. யாரோ சத்தம் போட, ஆள் கூட, பயந்து காரைக் கிளப்பினார்கள். கார் ஓடியதே சந்தேகத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது. அடுத்தடுத்த ஊர்களுக்கு செல்போனில் தகவல் பறந்தது. அத்திமூரில் வழி மறித்தார்கள். காரைக் கவிழ்த்து நொறுக்கினார்கள். உள்ளே இருந்தவர்களை இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவர்களில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். மற்றவர்கள் படுகாயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அடித்தவர்களுக்கு நடுவே செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தவர்களும் இருந்தார்கள். பின்னர் போலீசார் ஆட்களை அடையாளம் கண்டு பிடிக்க அந்த வீடியோக்களே உதவின. பல பேர் கைதானார்கள். கைதுக்குப் பயந்து ஆண்கள் ஊரைவிட்டு ஓட, தெருக்கள் வெறிச்சோடின.

இந்தச் சம்பவத்தை அவலூர்பேட்டையிலும் மேல்மலையனூரிலும் வாழ்கிறவர்கள் இன்னும் நெருக்கமாக நினைத்துப் பார்க்க வேண்டும். மேல்மலையனூர் அங்காளம்மன் எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம். ஒவ்வோர் அமாவாசைக்கும் ஊஞ்சல் உற்சவம் பார்க்கச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். தாத்தா காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்களின் பேரப் பிள்ளைகள், ஏதோ ஒரு ஏரிக்கரை அம்மனைத் தேடிக்கொண்டு, தெருவில் காரை நிறுத்தி, “இங்க முனீஸ்வரன் கோயில் எந்தப் பக்கம்?” என்று கேட்பது இந்த வட்டாரத்தில் தினமும் நடப்பது. இந்தப் பக்கத்து ஊர்களுக்கு வருகிற அந்நியர்களில் முக்கால்வாசிப் பேர் சாமியைத் தேடி வருகிறவர்கள்தான். அத்திமூரில் செத்ததும் அப்படி வந்த ஒருவர்தான்.

ஆடு திருடுபோன வாசலில் சிரிக்கத் தெரிந்த அதே கிராமத்து மனிதர்கள், அத்திமூர் போன்ற ஊரில் எப்படிக் கல்லையும் கட்டையையும் எடுத்தார்கள்? ஆடு போனவனுக்கு நடந்தது தெரியும். அவிழ்ந்த படல், காலடித் தடம், காலியான பட்டி எல்லாம் கண் முன்னே இருக்கிறது. கண்ணால் பார்த்த நஷ்டத்தைப் பேச்சில் ஆற்றிக்கொள்ளலாம். செல்போனில் வந்த பயத்துக்குத் தடமும் இல்லை, படலும் இல்லை. காணாமல் போன ஒரு குழந்தையின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அதை ஆற்றிக்கொள்ள வழியில்லாமல், கையில் கிடைத்த மனிதர்மேல் இறக்கிவிட்டார்கள்.

அதே 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா கிராமத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்து வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த 5 பேரை இதே வதந்தியில் அடித்துக் கொன்றார்கள். ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் பகிர முடியாதபடி கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தது. ஆனாலும் 2024 பிப்ரவரியில் சென்னைப் புறநகர் பம்மலில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற சந்தேகத்தில் திருநங்கை ஒருவரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். ஆறு ஆண்டுகள் ஆகியும் வதந்தி தன் இரையைத் தேடுவதை விடவில்லை.

இரை யார் என்பதைக் கவனித்தால் மனசு கொதிக்கிறது. இந்தி பேசியவர், மனநலம் சரியில்லாதவர், பிச்சைக்காரர், திருநங்கை, வழி தெரியாமல் வந்த மூதாட்டி. எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இல்லாதவர்கள். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பகுதியில் இந்தப் பட்டியலில் இன்னொரு பெயரையும் சேர்த்தாக வேண்டும். இருளர்கள். செங்கல் சூளையிலும் மரம் வெட்டுகிற வேலையிலும் வயல் எலி பிடிப்பதிலும் வாழ்க்கை நடத்தும் இந்த மக்களுக்கு ஊரில் ஏதாவது களவு போனாலே பயம். தங்கள் வீட்டில் திருடு போய்விடுமோ என்ற பயமல்ல அது. துப்பு கிடைக்காத வழக்கைத் தங்கள் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி.மண்டபத்தில் திருட்டு வழக்கு விசாரணை என்று இருளர் குடியிருப்புக்கு வந்த போலீசார், நான்கு பெண்களைத் தைலமரத் தோப்புக்குக் கொண்டுபோய் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்து நாடே அதிர்ந்தது. திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியெழுப்பியதே இப்படிப்பட்ட கொடுமைகளுக்கும் பொய் வழக்குகளுக்கும் எதிராகத்தான்.

1993 மார்ச்சில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில், நகைத் திருட்டைக் கேட்டு அடித்துக் கொல்லப்பட்ட முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவின் கதையை ‘ஜெய் பீம்’ படத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். போலீசார் தண்டிக்கப்பட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. களவு பற்றிய நம் நகைச்சுவைகளை ரசிக்க முடிகிறவர்கள், எந்தக் களவிலும் சந்தேகிக்கப்படாத வீட்டில் பிறந்தவர்கள் மட்டுமே. ஆடு காணோம் என்று ஊர் சிரிக்கும்போது, ஏரிக்கரைக் குடிசையில் ஒரு குடும்பம் ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பயம் எதிர்த் திசையிலும் பாயும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பீகாரில் பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ நடந்த பழைய சண்டைக் காட்சிகள் அவை. அவற்றை நம்பி ஊருக்கு ரயில் ஏறியவர்கள் ஏராளம். தமிழ்நாடு டி.ஜி.பி.யே வீடியோவில் பேசி மறுக்க வேண்டி வந்தது. 2018-ல் இந்தி பேசுகிறவரைப் பார்த்து நாம் பயந்தோம். ஐந்தே ஆண்டில் தமிழ் பேசுகிறவரைப் பார்த்து அவர்கள் பயந்தார்கள்.

இப்போது சுவரேறிக் குதிக்காமலே திருடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, உங்களை ‘டிஜிட்டல் கைது’ செய்திருக்கிறோம் என்று சீருடை போட்ட ஒருவன் வீடியோ காலில் மிரட்டுவான். 2024-ன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் இந்த மோசடியில் இந்தியர்கள் இழந்தது 120 கோடி ரூபாய் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் ஓஸ்வாலே 7 கோடி ரூபாயைப் பறிகொடுத்தார். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும் போனில் பணம் கேட்காது. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 1930-க்குச் சொல்ல வேண்டும்.

ஆடு போனாலும் சங்கிலி போனாலும், சிரித்து முடித்த பிறகாவது காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் கிடைத்தால் எப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பர் 12-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும், எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆட்டுக்குக் காதில் குறி போடுவதோடு, செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் கண்டுபிடித்தால் அது உங்கள் ஆடுதான் என்று காட்ட உதவும்.

தெருவில் தெரியாத கார் நின்றால் கூட்டம் சேர்க்காதீர்கள். யார், எந்த ஊர், எந்தக் கோயில் என்று ஒருவர் போய்க் கேட்டால் போதும். பதில் திருப்தியாக இல்லையென்றால் 100 அல்லது 112-ஐ அழையுங்கள். குழந்தை பற்றிய சந்தேகம் என்றால் 1098. போலீஸ் வரும்வரை அந்த மனிதர்மேல் ஒரு விரல்கூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.